மீன்பிடிப் படகுக்கு முற்பணம் கட்டமுன்: எது படகுக்காரர் பொறுப்பு, எது நம் பொறுப்பு?

கோடை வந்தால் ஒன்ராறியோ ஏரியில் சால்மன் பிடிக்க வழிகாட்டிப் படகு ஒன்றை வாடகைக்கு அமர்த்திப் போகும் வழக்கம் நம் குடும்பங்களிடமும் உண்டு. ஊரிலிருந்தோ லண்டனிலிருந்தோ உறவினர் வந்து நிற்கும் காலமும் அதுதான்.

இந்த ஏரியின் சொந்த மீனான அத்திலாந்திக் சால்மன் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அழிந்துபோனது. 1960களின் பிற்பகுதியிலிருந்து பசிபிக் இனங்களான சினூக், கோஹோ சால்மன் குஞ்சுகள் ஏரியில் விடப்பட்டன. வாடகைப் படகுத் தொழில் அவற்றை நம்பியே வளர்ந்தது. ஓகஸ்ட், செப்ரெம்பரில் சினூக் முட்டையிட ஆற்று முகங்களில் கூடும். பிறம்ரனின் மேற்குப் பக்கத்தால் ஓடும் கிறெடிட் ஆறு ஏரியில் விழும் போர்ட் கிறெடிட் துறைமுகம் அப்படியான ஓர் இடம்.

நாம் கொடுக்கும் கட்டணம் படகையும் படகோட்டியின் அனுபவத்தையும் வாங்கித் தரும். மீன்பிடி அனுமதியும் பிடித்த மீனின் கணக்கும் நம் பெயரிலேயே நிற்கும். இதை விளங்காமல் போனால் தண்டப்பணத்தில் முடியலாம்.

அனுமதிப்பத்திரம்

தூண்டிலைப் பிடிக்கும் ஒவ்வொருவருக்கும் தனித்தனி அனுமதி வேண்டும். 18 முதல் 64 வயது வரையான ஒன்ராறியோ வதிவாளர் அவுட்டோர்ஸ் கார்டும் மீன்பிடி அனுமதிப்பத்திரமும் வைத்திருக்க வேண்டும். கார்ட் 3 ஆண்டுகளுக்குச் செல்லும். ஒரு நாள் அனுமதிக்குக் கார்ட் தேவையில்லை.

இங்கே குடியுரிமை கேட்கப்படுவதில்லை. பிரதான வதிவிடம் ஒன்ராறியோவில் இருந்து, கடந்த 12 மாதங்களில் தொடர்ச்சியாக 6 மாதமாவது இங்கு வாழ்ந்திருந்தால் போதும். அகதிக் கோரிக்கை முடிவாகாதவருக்கும் இதே அளவுகோல்தான்.

கனடாவில் வாழும் 18 வயதுக்குக் குறைந்தவர்களும் 65 வயதைத் தாண்டியவர்களும் அனுமதிப்பத்திரம் வாங்கத் தேவையில்லை. பெயரும் பிறந்த திகதியும் உள்ள அடையாள அட்டை கையில் இருந்தால் சரி. ஆனால் யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருக்கும் 70 வயது அப்பப்பாவுக்கு இந்தச் சலுகை கிடையாது. அவர் வெளிநாட்டு வதிவாளருக்கான அனுமதி எடுத்தாக வேண்டும். குடும்ப தினம், அன்னையர் தினம், தந்தையர் தினம் ஆகியவற்றை ஒட்டிய வார இறுதிகளிலும் யூலைத் தொடக்கத்தை ஒட்டி வரும் குடும்ப மீன்பிடி வாரத்திலும் கிடைக்கும் இலவச அனுமதியும் கனடா வதிவாளருக்கு மட்டுமே.

படகு

சொந்தப் படகு ஓட்டுபவர் வைத்திருக்கும் உல்லாசப் படகு அட்டை, காசுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லப் போதாது. அதற்குக் கனடா போக்குவரத்து அமைச்சின் விதிப்படி சிறு கப்பல் ஓட்டுநர் தேர்ச்சிச் சான்றிதழ் போன்ற தொழில்சார் தகுதி வேண்டும். பயணிகளை ஏற்றும் படகுகளுக்கு 2019 முதல் பொறுப்புக் காப்புறுதி கட்டாயம். இரண்டையும் காட்டும்படி கேட்பது மரியாதைக் குறைவல்ல. ஒவ்வொருவருக்கும், சிறுவருக்கும் உட்பட, அளவான உயிர்காப்பு அங்கி இருக்க வேண்டும். புறப்படமுன் பாதுகாப்பு விளக்கமும் தரப்பட வேண்டும்.

பணம்

விளம்பரத்தில் உள்ள விலை தலைக்கா, முழுப் படகுக்கா என்று முதலில் பாருங்கள். தூண்டில், இரை, மீன் வெட்டித் தருவது அடங்குமா என்றும் கேளுங்கள். காற்று மோசமென்று படகோட்டி நிறுத்தினால் முற்பணம் திரும்புமா, வேறு நாளுக்கு மாறுமா? நாம் நிறுத்தினால் என்ன? இந்த இரண்டு கேள்விக்கும் பதிலை மின்னஞ்சலில் எழுத்தாக வாங்கி வையுங்கள்.

ஒன்ராறியோவில் எச்.எஸ்.ரி 13 வீதம். தொடர்ந்து வரும் 4 காலாண்டுகளில் வருமானம் 30,000 டொலரைத் தாண்டாத சிறு தொழிலாளர் பதிவு செய்யத் தேவையில்லை. பதிவு இல்லாதவர் அந்த வரியை அறவிடவும் முடியாது. அறவிடுபவரிடம் பதிவிலக்கத்துடன் பற்றுச்சீட்டு கேளுங்கள். அந்த இலக்கம் சரியானதா என்பதைக் கனடா வருமானவரி முகவரகத்தின் இணையத்தில் சரிபார்க்கலாம்.

வியாபாரம் செய்வோர் வாடிக்கையாளரைக் கூட்டிச் சென்ற செலவை அப்படியே கணக்கில் போட நினைப்பதுண்டு. உல்லாசப் படகு, முகாம், லொட்ஜ், கோல்ப் மைதானம் ஆகியவற்றின் பாவனைச் செலவைக் கழிப்பதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. அவற்றை வாடகைக்கு விடுவதே தொழிலாகக் கொண்டவருக்குத்தான் விலக்கு. சாதாரண விருந்துபசாரச் செலவில்கூட பொதுவாக 50 வீதமே கழியும்.

மீன்

பொழுதுபோக்காகப் பிடித்த மீனை விற்பதோ பண்டமாற்றுச் செய்வதோ சட்டவிரோதம். அயலவருக்குச் சும்மா கொடுக்கலாம். கொடுத்தாலும் அது பிடித்தவரின் வரம்பிலேயே எண்ணப்படும். வரம்புகள் வலயத்துக்கு வலயம் வேறுபடும். ஒன்ராறியோ ஏரி 20ஆம் வலயம்.

நம் சமையலுக்கு ஓர் எச்சரிக்கை. பெரிய சால்மனில் பி.சி.பி போன்ற நச்சுகள் கொழுப்பிலும் தோலிலும் தேங்கும். ஆகவே அவற்றை நீக்க வேண்டும். ஈரல் முதலான உள்ளுறுப்புகளையும் தவிர்க்க வேண்டும். பாதரசம் தசையிலேயே இருப்பதால் வெட்டி நீக்க முடியாது. மாகாணச் சுற்றாடல் அமைச்சின் மீன் உண்ணும் வழிகாட்டி, எந்த நீர்நிலையில் எந்த நீள மீனை மாதம் எத்தனை தடவை உண்ணலாம் என்று சொல்கிறது. பிள்ளைபெறும் வயதுப் பெண்களுக்கும் 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் தனி அளவு உண்டு. மீனின் நீளத்தை அளந்து, அந்த அட்டவணையைப் பார்த்த பிறகே சட்டியை அடுப்பில் வையுங்கள்.