கறுப்புப் பூஞ்சணமும் ஒழுகிற கூரையும்

மழை தொடங்கி ரெண்டு கிழமையில அறைச் சுவரில கறுப்புப் புள்ளிகள் வந்தால், நாங்கள் முதலில் செய்யிறது கூகிளில் தேடுறதுதான். "நச்சுக் கறுப்புப் பூஞ்சணம்" என்ற சொல்தான் முன்னுக்கு வந்து நிக்கும். இந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு இருக்கு.

அந்தப் பூஞ்சணத்தின் பெயர் ஸ்டகிபொட்ரிஸ். 1837 இல், பிராக் நகர வீடொன்றின் சுவர்க் கடதாசியில் கண்டெடுத்து, கோர்டா என்ற ஆய்வாளர் அதை முதலில் விவரித்தார். 1930களில் உக்ரைனில், அது பிடித்த வைக்கோலைத் தின்ற குதிரைகள் செத்தன.

1993, 1994 ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் கிளீவ்லண்ட் நகரில் 10 கைக்குழந்தைகளுக்கு நுரையீரலில் இரத்தம் கசிந்தது. மிக அரிதான நோய். நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் வீடு வீடாகப் போய் ஆராய்ந்தது. நோயுற்ற குழந்தைகளின் வீடுகளில் தண்ணீர்ச் சேதம் கூடுதலாக இருந்தது, ஸ்டகிபொட்ரிஸும் இருந்தது. தொடர்பு இருக்கலாம் என்று நிலையம் சொன்னது. செய்திகளில் அந்த "இருக்கலாம்" மெல்ல மெல்லக் காணாமல் போச்சு.

2000 மார்ச்சில் அதே நிலையம் தன் ஆய்வைத் திரும்பப் பார்த்து, தொடர்பு நிரூபிக்கப்படவில்லை என்று பகிரங்கமாக அறிவித்தது. நோயுற்ற குழந்தைகளின் வீடுகளில் கூடுதலான காற்று மாதிரிகள் எடுத்திருந்தார்கள். கணக்கிலும் பிழை இருந்தது. ஆனால் பயம் நிக்கேல்ல. 2001 இல் டெக்சஸில், பூஞ்சணம் பிடித்த மாளிகை ஒன்றின் சொந்தக்காரருக்குக் காப்புறுதி நிறுவனம் 3.2 கோடி டொலர் குடுக்கோணும் என்று ஜூரிகள் தீர்ப்பளித்தார்கள். பிறகு அந்தத் தொகை குறைக்கப்பட்டது.

அப்ப பூஞ்சணம் ஆபத்தில்லையா? அப்படியில்லை. 2004 இல் அமெரிக்க மருத்துவ நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, ஈரமான வீடுகளுக்கும் இருமல், மூச்சிரைப்பு, தொய்வு கூடுறது என்பவற்றுக்கும் தொடர்பு இருக்கு என்று சொன்னது. 2009 இல் உலக சுகாதார நிறுவனமும் அதையே உறுதிப்படுத்தியது.

இந்தப் பாதிப்புகளுக்கு ஸ்டகிபொட்ரிஸ் தேவையே இல்லை. யன்னல் சட்டத்தில் கருமையாகப் படருற கிளடோஸ்போரியம், நீலப்பச்சையான பெனிசிலியம், ஒவ்வாமையைக் கிளப்புற அல்டர்நேரியா எல்லாம் சாதாரணமாக வீடுகளில் வாழுறவைதான். அஸ்பெர்ஜிலஸ், நோயெதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களின் நுரையீரலையே தொற்றக்கூடியது. நிறத்தைப் பார்த்து எது எது என்று பிரிக்கவும் ஏலாது. கறுப்பாக இருக்கிறதெல்லாம் ஸ்டகிபொட்ரிஸ் இல்லை.

எனக்கு இந்தக் கதையில உறுத்துறது வேறொன்று. இவ்வளவு காலமும் உலகம் குற்றவாளியின் பெயரைத் தேடிக்கொண்டிருந்தது. கிளீவ்லண்ட் ஆய்வின் பூஞ்சண முடிவு ஆட்டங்கண்டாலும், அந்த வீடுகளுக்குள்ள தண்ணீர் வந்தது உண்மை. ஒழுகிற கூரையைத் திருத்தச் சொல்ல விஞ்ஞானப் பெயர் ஒண்டும் வேண்டாம். ஆனால் கூரையைத் திருத்துறதுக்கு ஆரோ காசு செலவழிக்கோணும். பூஞ்சணத்துக்குப் பயப்படுறதுக்குக் காசு தேவையில்லை.

அடுத்த முறை சுவரில கறுப்பைக் கண்டால், அதின்ர பெயரைத் தேடாதேங்கோ. தண்ணி எங்கயிருந்து வருது என்று தேடுங்கோ. துடைச்சுப் பெயின்ற் அடிச்சு மறைச்சாலும், ஈரம் நிக்காட்டி அது திரும்பி வரும். வாடகை வீடெண்டால், வீட்டுக்காரரிட்டக் கேக்க வேண்டிய கேள்வியும் அதுதான்.