பானி, லோன், மனுஷ்: ரோமா மக்களின் சொற்கள் சொல்லும் வரலாறு



ஐரோப்பாவில் 'ஜிப்சி' என்று இழித்துரைக்கப்பட்ட மக்கள் தங்களை ரோமா என்றே அழைத்துக்கொள்கிறார்கள். எகிப்திலிருந்து வந்தவர்கள் என்று பிறர் தவறாக நினைத்துச் சூட்டிய பெயர்தான் ஜிப்சி. தாம் புறப்பட்டு வந்த கதையை அம்மக்கள் ஏட்டில் எழுதிவைக்கவில்லை. ஆனால் அது அவர்கள் பேச்சில் இருந்தது.

1782இல் ஜெர்மானிய அறிஞர் யோகான் ரூடிகர், ஒரு ரோமாப் பெண் தம் மொழியில் சொல்லிக் கொடுத்த வாக்கியங்களை இந்துஸ்தானியோடு ஒப்பிட்டு, இது இந்திய மொழி என்று எழுதினார். அன்றாடச் சொற்களைப் பாருங்கள். தண்ணீர் பானி, உப்பு லோன், மூக்கு நாக், வீடு கேர், மனிதன் மனுஷ். சிலுவைக்கு அவர்கள் சொல்லும் 'த்ருஷுல்' நாம் அறிந்த திரிசூலமே. ஒன்று முதல் ஆறு வரையும், பத்தும் இந்திய எண்கள். ஏழு, எட்டு, ஒன்பது மட்டும் கிரேக்கம். பாதையைக் குறிக்கும் 'த்ரோம்' என்பதும் கிரேக்கமே. பைசாந்தியப் பேரரசில் நெடுங்காலம் வாழ்ந்த தடம் அது.

இனி 'ரோம்' என்ற பெயருக்கு வருவோம். மொழியியலாளர் பலர் இதை 'டோம்' என்ற சாதிப் பெயரோடு இணைக்கிறார்கள். 1030 வாக்கில் அல்பிரூனி, நான்கு வருணங்களுக்கு வெளியே தள்ளப்பட்டோரில் டோம்களைக் குறிப்பிட்டு, அவர்கள் யாழ் வாசித்துப் பாடுவோர் என்கிறார். இன்றும் காசியின் சுடுகாட்டில் பிணம் எரிப்போர் டோம்களே.

இந்தத் தொடர்பு பிடிக்காமல், ரோமாக்களை ராஜபுத்திரப் போர்வீரர்களின் வழித்தோன்றல் என்போரும் உண்டு. சொற்கள் மொழி வந்த வழியைத்தான் காட்டும்; பேசியவர் அனைவரின் சாதியையும் அவற்றைக் கொண்டு தீர்மானிக்க முடியாது. ஆனால் மூதாதை போர்வீரனாக இருந்தால்தான் மதிப்பு என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது? அது நாம் நன்கு அறிந்த எண்ணம்தான்.

வலாக்கியா, மால்டாவியாவில் 1850கள் வரை ரோமாக்கள் அடிமைகளாக விற்கப்பட்டார்கள். நாஜிகள் அவர்களை இலட்சக்கணக்கில் கொன்றார்கள். 1971 ஏப்ரலில் லண்டனில் கூடிய முதல் உலக மாநாட்டில், பிறர் வைத்த பெயர்களை மறுத்துத் தம் பெயரை முன்வைத்தார்கள்.

அவர்கள் மொழியில் 'ரோம்' என்றால் கணவன், தம்மைச் சேர்ந்த ஆண்மகன் என்று பொருள். இங்கே தீண்டத்தகாதோரின் அடையாளமாக்கப்பட்ட ஒரு சொல், அங்கே வீட்டு மனிதரை அழைக்கும் சொல்லாயிற்று. 'தலித்' என்ற பெயரை நாமே எடுத்துக்கொண்டவர்கள். அந்த மாற்றத்தின் மதிப்பு நமக்குத் தெரியும்.