இரு கணக்குகளுக்கு நடுவே ஒரு வாசல்

திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், மயில்கள் உலவும் விராலிமலையைக் கடந்து தெற்கே சில கல் தொலைவு சென்றால் கொடும்பாளூர் வந்துவிடும். மூவர் கோயிலைக் காண வருவோர் பெரும்பாலும் இருக்குவேளிரையும் பூதி விக்கிரமகேசரியையும் நினைவுகூர்ந்து திரும்புவர். இவ்வூருக்கு மற்றொரு முகமும் உண்டு. சிலப்பதிகாரத்தில் மாங்காட்டு மறையோன் கோவலனுக்கு மதுரை வழியைச் சொல்லும்போது, பாதை மூன்றாகப் பிரியும் இடமாகச் சுட்டுவது கொடும்பை எனப்பட்ட இவ்வூரையே. பாதைகள் கூடுமிடத்தில் வணிகர் கூடுவது இயல்பு. கொடும்பாளூர் மணிக்கிராமம் என்னும் வணிகக் குழுவைக் கல்வெட்டுகள் குறிக்கின்றன.

மணிக்கிராமம் என்ற பெயர் கடல் கடந்தும் ஒலித்தது. தாய்லாந்தின் தகுவாபாவில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அங்கு வெட்டப்பட்ட ஒரு குளத்தின் பாதுகாவலரில் மணிக்கிராமத்தாரையும் சேர்க்கிறது. பொ.ஆ. 849-ஐச் சேர்ந்த கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேடுகளிலும் அஞ்சுவண்ணத்தோடு மணிக்கிராமம் இடம்பெறுகிறது. அச்செப்பேட்டின் வாசகம் வட்டெழுத்தில் உள்ளது. சாட்சிகளின் ஒப்பங்களோ அரபு, பகலவி, எபிரேய எழுத்துகளில் உள்ளன. அவரவர் எழுத்தை எவரும் கைவிடவில்லை. ஆயினும் ஓர் ஆவணத்தின் கீழ் அனைவரும் ஒப்பமிட்டனர்.

இச்செப்பேடுகளை இங்கே நினைவூட்டக் காரணம், அதே நெடுஞ்சாலையில் இன்று நடைபெறும் ஒரு செயல். விராலிமலைப் பகுதித் தொழிற்சாலை ஒன்றிலிருந்து சரக்கு லாரி புறப்படுகிறது என்று கொள்வோம். ஆலையின் கணக்கு ஒரு மென்பொருளில். வாங்குபவரின் கணக்கு வேறொன்றில். லாரி நிறுவனத்தின் பதிவு மூன்றாவதொன்றில். வரித்துறையின் பதிவு நான்காவதில். ஒன்றன் மொழி மற்றொன்றுக்கு விளங்காது. இவை உரையாடுவதற்கென வகுக்கப்பட்ட வாசலே ஏபிஐ என்று சுருக்கி வழங்கப்படும் 'அப்ளிகேஷன் புரோகிராமிங் இன்டர்ஃபேஸ்'. தமிழில் இடைமுகம் என்கிறோம். எதைக் கேட்கலாம், எந்த வரிசையில் கேட்க வேண்டும், என்ன விடை வரும் என்பவற்றை முன்கூட்டியே எழுதிவைத்த உடன்படிக்கை அது.

இவ்வுடன்படிக்கையின் தேவையைக் கணினிக்கு முன்பே உணர்ந்தவர்கள் உண்டு. 1948-இல் பெர்லின் நகரம் முற்றுகையிடப்பட்டபோது உணவும் நிலக்கரியும் விமானங்களில் சென்றன. சரக்குப் பட்டியல்கள் பல வடிவங்களில் வந்து குழப்பவே, எட்வர்ட் கில்பர்ட் என்ற அமெரிக்க இராணுவத்தினர், தொலையச்சிலும் தொலைபேசியிலும் அனுப்பத்தக்க ஒரே வடிவிலான பட்டியலை உருவாக்கினார். அந்த அனுபவம் பின்னர் இடிஐ எனப்படும் மின்னணுத் தரவுப் பரிமாற்றத்துக்கு வித்திட்டது. 1987-இல் 'எடிஃபாக்ட்' உலகத் தரமாயிற்று. 2000-ஆம் ஆண்டில் சேல்ஸ்ஃபோர்ஸ், ஈபே ஆகிய நிறுவனங்கள் இணையத்தின் வழியே தம் ஏபிஐகளைத் திறந்தன. ராய் ஃபீல்டிங், 'ரெஸ்ட்' என்னும் கட்டமைப்பை விளக்கும் தம் ஆய்வேட்டை அளித்ததும் அதே ஆண்டில்தான்.

பொதுவடிவத்தின் பயனை எளிய கணக்கொன்று காட்டும். பத்து மென்பொருள்களை இரண்டிரண்டாகத் தனித்தனியே இணைத்தால் நாற்பத்தைந்து இணைப்புகள் வேண்டும். அனைத்தும் ஒரே பொதுவடிவத்தை ஏற்றால் பத்தே போதும்.

இந்தியாவில் இக்கதையின் பெரிய அத்தியாயம் 2017 சூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த சரக்கு, சேவை வரியோடு தொடங்குகிறது. 2018 ஏப்ரல் முதல் மாநிலங்களுக்கிடையே செல்லும் சரக்குக்கு மின்வழிச் சீட்டு கட்டாயமாயிற்று. அதன் முதற்பகுதியில் சரக்கின் விவரம், இரண்டாம் பகுதியில் வண்டி எண்; பன்னிரண்டு இலக்கங்களில் ஒரு சீட்டு எண். 2020 அக்டோபரில் மின்விலைப்பட்டியல் வந்தது. ஆலையின் கணக்கு மென்பொருள் குறித்த வடிவில் பட்டியலை அனுப்ப, அரசுத் தளம் அதைச் சரிபார்த்து, அறுபத்துநான்கு எழுத்துகள் கொண்ட அடையாளத்தையும் கியூஆர் குறியையும் திருப்பித் தருகிறது. அத்தகவலைக் கொண்டே மின்வழிச் சீட்டையும் பெறலாம். ஆலையின் பேரேட்டை யாரும் புரட்டிப் பார்ப்பதில்லை; கேட்கப்பட்ட கட்டங்கள் மட்டுமே வாசலைத் தாண்டுகின்றன. எதைக் காட்டுவது என்பதைப் போலவே எதை மறைப்பது என்பதையும் இடைமுகமே தீர்மானிக்கிறது.

ஆனால் ஒரு வேறுபாட்டை மறக்கலாகாது. கொல்லத்துச் செப்பேட்டில் வணிகக் குழுக்களுக்குப் பெயரும் இடமும் பொறுப்பும் எழுதப்பட்டிருந்தன. இன்றைய வாசலின் கட்டங்களை வகுப்போர் வேறு, அவற்றை நிரப்புவோர் வேறு. தொடக்கத்தில் ஐந்நூறு கோடி ரூபாய்க்கு மேல் ஆண்டு விற்றுமுதல் உள்ளோருக்கே விதிக்கப்பட்ட மின்விலைப்பட்டியல், படிப்படியாக இறங்கி, 2023 ஆகஸ்டில் ஐந்து கோடியைத் தாண்டியோருக்கும் கட்டாயமாயிற்று. பெரிய ஆலைக்கு இது மென்பொருள் பிரிவின் ஒருநாள் வேலை. சிறு பட்டறைக்கோ, வடிவம் மாறும் ஒவ்வொரு முறையும் கணக்கரையும் மென்பொருள் விற்றவரையும் நாடவேண்டிய செலவு. தனியார் வாசல்களில் இந்த நிச்சயமின்மை இன்னும் மிகுதி. ட்விட்டர் 2023-இல் தன் ஏபிஐயை இலவசமாகத் தருவதை நிறுத்தியபோது, அதை நம்பி எழுதப்பட்ட எத்தனையோ சிறு மென்பொருள்கள் முடங்கின.

வாசல் இன்றி வணிகம் இல்லை. கொடும்பாளூரார் அறிந்திருந்த உண்மை அது. அவ்வாசலின் அளவை வகுக்கும் அவையில், அதன் வழியே நாள்தோறும் குனிந்து செல்லும் சிறு வணிகருக்கும் ஓர் இருக்கை வேண்டும் என்பதே, பதினொரு நூற்றாண்டுகளுக்கு முந்தைய அந்தச் செப்பேட்டைப் படிக்கையில் நமக்குத் தோன்றுகிறது.