எடுப்பவரும் படிப்பவரும்: பிரிட்டனின் பொது மருத்துவமனைகளில் எக்ஸ்ரே பணியின் வரலாறு

எக்ஸ்ரே பிரிவில் நடப்பவை இரண்டு வேலைகள். நோயாளியை உரிய நிலையில் நிறுத்தி, அளவான கதிரைச் செலுத்திப் படம் எடுப்பது ஒன்று. அந்தப் படத்தில் தெரிவது என்ன என்று படித்து, அறிக்கை எழுதித் தருவது மற்றொன்று. முதல் வேலை ரேடியோகிராபருடையது. இரண்டாவது கதிரியல் மருத்துவருடையது. பிரிட்டனில் இந்த இரண்டும் தொடக்கத்தில் ஒரே கையில் இருந்தன. பின்னர் விதி போட்டுப் பிரிக்கப்பட்டன. அரை நூற்றாண்டுக்குப் பின், ஆள் போதாமல் போனபோது, அந்தப் பிரிவினை மெல்லத் தளர்ந்தது.

முன்னோடிகள் கொடுத்த விலை

ஜெர்மனியில் ரோண்ட்கன் 1895 நவம்பரில் எக்ஸ்ரே கதிரைக் கண்டுபிடித்தார். இரண்டே மாதங்களில், 1896 ஜனவரியில், பர்மிங்காம் மருத்துவர் ஜான் ஹால்-எட்வர்ட்ஸ் ஒரு கைக்குள் புதைந்திருந்த ஊசியைப் படம் எடுத்தார். அதே ஆண்டு ஜான் மெக்கின்டைர் கிளாஸ்கோ ராயல் மருத்துவமனையில் தனி எக்ஸ்ரே பிரிவைத் தொடங்கினார். மருத்துவமனைக்குள் அமைந்த உலகின் முதல் கதிரியல் பிரிவுகளில் அதுவும் ஒன்று.

அந்நாளில் இதற்கெனப் படித்தவர் யாரும் இல்லை. ஒளிப்படக் கலைஞர், மின்பொறியாளர், மருந்தாளர், செவிலியர், மருத்துவர் எனப் பலரும் கருவியை இயக்கினர். இயக்கியவரே படத்தைப் பார்த்துப் பொருளும் சொன்னார். கதிரின் தீங்கு தெரியாத காலம் அது. கருவி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கப் பலரும் தம் கையையே கதிரின் முன் நீட்டினர். ஹால்-எட்வர்ட்ஸின் இடக்கை 1908இல் வெட்டி எடுக்கப்பட்டது. வலக்கை விரல்களும் பின்னர் போயின. கதிரால் உயிர் துறந்தவர்களுக்காக ஹாம்பர்க் நகரில் 1936இல் எழுப்பப்பட்ட நினைவுத்தூணில் முதலில் பொறிக்கப்பட்டவை 169 பெயர்கள். அவர்களில் பிரிட்டன் பணியாளர்களும் உண்டு.

இலண்டன் கதிரியல் மருத்துவர் அயர்ன்சைட் புரூஸ் 1921இல் கதிரால் வந்த இரத்தச் சோகையால் இறந்தார். அந்த மரணம் நாட்டை உலுக்கியது. அதே ஆண்டு கூடிய பாதுகாப்புக் குழு பணிநேரத்துக்கு வரம்பு வகுத்தது: நாளுக்கு ஏழு மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, ஞாயிறு முழுதும், வாரத்தில் இரண்டு அரைநாளும் ஓய்வு, ஆண்டுக்கு ஒரு மாதம் விடுப்பு. எக்ஸ்ரே பிரிவுக்கு எத்தனை பேர் தேவை என்ற கணக்கு உயிர்ப் பாதுகாப்பிலிருந்தே பிறந்தது.

கோடு கிழிக்கப்பட்ட காலம்

முதல் உலகப் போர் எக்ஸ்ரே வேலையைப் பல மடங்காக்கியது. போர் முடிந்ததும் மருத்துவர்களுக்கான கதிரியல் பட்டயப் படிப்பைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் தொடங்கியது. 1920இல் ரேடியோகிராபர்கள் தமக்கென ஒரு சங்கம் அமைத்தனர். இரு தரப்பும் தனித் தொழிலாக உருவெடுத்தபோது, படத்துக்குப் பொருள் சொல்லும் உரிமை யாருக்கு என்ற கேள்வி எழுந்தது. நோயறிதல் மருத்துவரின் வேலை என்று மருத்துவர்கள் உறுதியாக நின்றனர். 1920களின் நடுவில் ரேடியோகிராபர் சங்கம் அதை ஏற்றது. மருத்துவரின் பொறுப்பின் கீழ் படம் எடுப்பதே தம் பணி, அறிக்கை தருவது தம் பணி அன்று என உறுப்பினர்கள் ஒப்ப வேண்டியதாயிற்று. கதிரியல் மருத்துவர்களின் அமைப்பு 1939இல் தனிப் புலமாகவும், 1975இல் ராயல் கல்லூரியாகவும் வளர்ந்தது.

எல்லோருக்கும் இலவசமான படம்

1948 ஜூலை 5 அன்று தேசிய சுகாதாரச் சேவை பிறந்தது. அதற்கு முன் அறக்கட்டளை மருத்துவமனைகளின் மூத்த மருத்துவர்கள் பெரும்பாலும் ஊதியமின்றி உழைத்து, தனி மருத்துவத்தில் வருவாய் தேடினர். ஆகவே நிபுணர்கள் செல்வர் வாழும் நகரங்களில் குவிந்தனர். புதிய சேவை அவர்களுக்கு அரசு ஊதியம் தந்தது. கதிரியல் மருத்துவருக்கும் மற்ற நிபுணர்களுக்கு நிகரான தகுதி கிடைத்தது. தொழில் நகரங்களிலும் சிற்றூர் மருத்துவமனைகளிலும் கதிரியல் பிரிவுகள் நிலைபெற இது வழி செய்தது.

அந்தக் காலத்தின் பெரும்பணி காசநோய் ஒழிப்பு. சிறு ஃபிலிமில் மார்புப் படம் எடுக்கும் நடமாடும் வண்டிகள் தொழிற்சாலை வாசலுக்கே சென்றன. 1957இல் கிளாஸ்கோ நகரில் ஐந்தே வாரங்களில் 7 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் படம் எடுத்துக்கொண்டனர். அதே வேளையில் எச்சரிக்கையும் வந்தது. கருவுற்ற தாய்க்கு எடுக்கும் எக்ஸ்ரேக்கும் குழந்தைப் பருவப் புற்றுநோய்க்கும் தொடர்பு உண்டு என்று ஆக்ஸ்ஃபோர்டில் ஆலிஸ் ஸ்டூவர்ட் 1950களின் பிற்பகுதியில் எடுத்துக்காட்டினார். கிளாஸ்கோவின் இயன் டொனால்டு 1958இல் வெளியிட்ட ஆய்வு, கதிரே இல்லாமல் ஒலியால் கருவைப் பார்க்கும் அல்ட்ராசவுண்டுக்கு வழி திறந்தது.

அடுத்த பாய்ச்சல்களும் பிரிட்டனின் பொது மருத்துவமனைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் நிகழ்ந்தன. 1971 அக்டோபர் 1 அன்று விம்பிள்டனில் உள்ள அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் முதல் நோயாளிக்கு மூளை சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டது. கருவியை ஆக்கியவர் இ.எம்.ஐ. நிறுவனப் பொறியாளர் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு. உடன் நின்றவர் கதிரியல் மருத்துவர் ஜேம்ஸ் ஆம்ப்ரோஸ். 1979இல் ஹவுன்ஸ்ஃபீல்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 1980இல் அபர்தீனில் ஜான் மல்லார்டின் குழு எம்.ஆர்.ஐ. கருவியால் நோயாளியின் உடலைப் படம்பிடித்தது. எம்.ஆர்.ஐ. முறைக்கு உழைத்த நாட்டிங்காம் பேராசிரியர் பீட்டர் மேன்ஸ்ஃபீல்டு 2003இல் நோபல் பரிசு பெற்றார்.

சிவப்புப் புள்ளி

கருவிகள் பெருகிய அளவுக்குப் படிப்பவர்கள் பெருகவில்லை. பழைய எக்ஸ்ரே என்றால் ஒன்றிரண்டு ஃபிலிம், ஒரு சி.டி. ஸ்கேன் இன்று நூற்றுக்கணக்கான குறுக்குவெட்டுப் படங்களைத் தருகிறது. அத்தனையையும் ஒருவர் உட்கார்ந்து பார்த்தாக வேண்டும். 1971இலேயே கே. சுவின்பர்ன் என்ற கதிரியல் மருத்துவர் லான்செட் இதழில் ஒரு யோசனை முன்வைத்தார்: இயல்பான படம் எது, கோளாறுள்ள படம் எது என்று பிரித்துவைக்க ரேடியோகிராபர்களுக்குப் பயிற்சி தரலாம். அப்போது அது நடைமுறைக்கு வரவில்லை.

மாற்றம் விபத்துப் பிரிவில் தொடங்கியது. இரவில் எலும்பு முறிவோடு வருபவரின் படத்தை முதலில் பார்ப்பவர் அனுபவம் குறைந்த இளம் மருத்துவர். படம் எடுத்த ரேடியோகிராபரோ ஆயிரக்கணக்கில் பார்த்துப் பழகியவர். ஐயம் எழுந்தால் ஃபிலிமின் மீது ஒரு சிவப்புப் புள்ளியை அவர் ஒட்டினார். தவறுகளைக் குறைக்க இந்த எளிய வழி உதவும் என்று 1985இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியான ஆய்வு கூறியது. எழுத்தில் அறிக்கை தரக்கூடாது என்ற பழைய தடையில் அந்தச் சிறு புள்ளி ஒரு திறப்பு.

ஃபாரஸ்ட் குழுவின் 1986ஆம் ஆண்டு அறிக்கையை ஏற்று, 1988இல் மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. 50 முதல் 64 வயது வரையிலான பெண்கள் மூன்றாண்டுக்கு ஒருமுறை அழைக்கப்பட்டனர். மேமோகிராம் எனப்படும் மார்பக எக்ஸ்ரே படங்களைப் படிக்க மருத்துவர்கள் மட்டும் போதவில்லை. பயிற்சி பெற்ற ரேடியோகிராபர்களும் படிக்கத் தொடங்கினர். இதே காலத்தில் ரேடியோகிராபர் பணிக்குப் பட்டப்படிப்பு கட்டாயமானது. 1990களின் நடுவில் அறிக்கை எழுதுவதற்கென முதுநிலைப் படிப்புகள் வந்தன. 2000களின் தொடக்கத்தில் ஆலோசக ரேடியோகிராபர் என்ற உயர்பதவியும் உருவானது. 1920களில் மறுக்கப்பட்ட உரிமை, தேர்வும் தணிக்கையும் உள்ள பொறுப்பாகத் திரும்பி வந்தது.

படிக்கப்படாத படங்கள்

2007 முடிவதற்குள் இங்கிலாந்தின் மருத்துவமனைகள் ஃபிலிமைக் கைவிட்டுக் கணினித் திரைக்கு மாறின. படம் எங்கும் செல்லலாம் என்றானதும், இரவு நேர ஸ்கேன்களைத் தனியார் நிறுவனங்கள் வழியாகப் படிக்கவைக்கும் வழக்கம் பரவியது. பிரிட்டனில் நள்ளிரவாகும்போது ஆஸ்திரேலியாவில் பகல். அங்கே அமர்ந்த மருத்துவர்கள் அறிக்கை அனுப்பினர். இந்தியா, இலங்கை உள்ளிட்ட நாடுகளில் படித்து வந்த மருத்துவர்களும் இத்துறையின் பளுவைத் தாங்கியிருக்கிறார்கள்.

ஆனாலும் இடைவெளி அடைபடவில்லை. போர்ட்ஸ்மத் நகரின் குயின் அலெக்சாண்ட்ரா மருத்துவமனையில், ஓராண்டில் எடுத்த சுமார் 23,000 மார்பு எக்ஸ்ரேக்களை உரிய பயிற்சி பெற்றவர் யாரும் முறையாகப் படித்திருக்கவில்லை என்பதை மருத்துவமனைகளின் தரத்தைக் கண்காணிக்கும் ஆணையம் 2017இல் வெளிக்கொணர்ந்தது. நுரையீரல் புற்றுநோயாளிகள் சிலர் அதனால் கடுமையாகப் பாதிக்கப்பட்டிருந்தனர். எடுத்த படம் படிக்கப்படாவிட்டால் நோயாளிக்கு மிஞ்சுவது கதிர் மட்டுமே. அடுத்த ஆண்டு நாடு தழுவிய ஆய்வு நடந்தபோது, அறிக்கைக்கான காலவரம்பு மருத்துவமனைக்கு மருத்துவமனை வேறுபடுவது தெரியவந்தது.

2020இல் மைக் ரிச்சர்ட்ஸ் தலைமையில் வெளிவந்த அறிக்கை, மருத்துவமனைக்கு வெளியே மக்கள் வாழும் இடங்களிலேயே பரிசோதனை மையங்கள் அமைக்கப் பரிந்துரைத்தது. அந்த மையங்கள் 2021 முதல் திறக்கப்பட்டன. கூடுதலாக 2,000 கதிரியல் மருத்துவர்களும் 4,000 ரேடியோகிராபர்களும் வேண்டும் என்றும் அந்த அறிக்கை கேட்டது. ராயல் கல்லூரியின் 2023ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி கதிரியல் மருத்துவர் பற்றாக்குறை 30 விழுக்காடு. மருத்துவப் பட்டத்துக்கு ஐந்தாறு ஆண்டு, அடிப்படைப் பயிற்சிக்கு இரண்டு, கதிரியல் பயிற்சிக்கு ஐந்து எனப் படிப்பவர் ஒருவர் உருவாகப் பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகள் ஆகின்றன. கருவிக்கு நிதி ஒதுக்கும் ஆண்டிலேயே பயிற்சி இடங்களுக்கும் ஒதுக்கினால்தான் எடுப்பவருக்கும் படிப்பவருக்கும் இடையே படங்கள் தேங்காமல் இருக்கும்.