தொழுதல் என்னும் வினை



கோயிலுக்குச் சென்று திரும்பும் இந்து அன்பர், “சாமி கும்பிட்டு வந்தேன்” என்பார். “தொழுது வந்தேன்” என்று அவர் சொல்லக் கேட்பது அரிது. அதே தெருவில் குடியிருக்கும் முஸ்லிம் நண்பரோ, “அஸர் தொழுதுவிட்டு வந்துவிடுகிறேன், இருங்கள்” என்பார். இதைக் கேட்டுப் பழகிய நம் பிள்ளைகளிற் பலர், தொழுகை என்பது அரபு நாட்டிலிருந்து வந்த சொல் என்றே எண்ணிக்கொள்கிறார்கள். “அது அவர்கள் சொல்” என்று பெரியவர்கள் சிலரும் ஒதுக்குவதுண்டு. ஒரு சொல் யாருக்கு உரியது என்னும் இக்கேள்வியை இன்று சற்று ஆராய்வோம்.

தொழு என்பது பழந்தமிழ் வினை. மகளிர் பிறையைத் தொழும் வழக்கத்தைக் குறுந்தொகைப் பாடல் ஒன்று உவமையாகவே எடுத்தாள்கிறது. திருக்குறளுக்கு வந்தால், இச்சொல்லின் பல முகங்களையும் காணலாம். இரண்டாம் குறளில் தொழப்படுவது இறைவன் திருவடி. 55ஆம் குறளில் மனைவி தொழுவது கணவனை. 260ஆம் குறளிலோ, கொலையும் புலாலும் நீத்தவனை உயிர்களெல்லாம் கைகூப்பித் தொழுகின்றன. இதுவரை எல்லாம் உயர்ந்த பொருளே. ஆனால் 828ஆம் குறளில், பகைவர் தொழுத கைக்குள்ளும் படை மறைந்திருக்கும் என்று வள்ளுவர் எச்சரிக்கிறார். 1033ஆம் குறளில் பிறரைத் தொழுது, உண்டு, அவர் பின்னே செல்லும் வாழ்வு பேசப்படுகிறது. ஆக, தொழுதல் என்பது அந்நாளில் வழிபாட்டுக்கு மட்டும் உரிய சொல்லன்று. ஒருவர் மற்றொருவர் முன் தம்மைத் தாழ்த்திக்கொள்ளும் எல்லா நிலைக்கும் உரியது. தொழும்பு என்றால் அடிமைத்தொண்டு. மார்கழியில் நம் கோயில்களிற் பாடப்படும் திருவெம்பாவையிலும் அச்சொல் உண்டு. (மாட்டுத் தொழுவத்தையும் இதனோடு முடிச்சுப் போடுவோர் உளர். ஒலி ஒத்திருப்பதனாலேயே உறவும் உண்டு என்று கொள்வது சொல்லாராய்ச்சி ஆகாது.)

இங்கே ஓர் ஐயத்தைத் தீர்த்துவிடவேண்டும். தொழுகை என்பதில் உள்ள ‘கை’ நம் உடம்பின் கையன்று. வருகை, செய்கை என்பவற்றில் வரும் தொழிற்பெயர் விகுதியே அது. பழம்பாடல்களில் தொழுதலும் கைகூப்புதலும் சேர்ந்தே வருவதால் இம்மயக்கம் எளிதில் உண்டாகிறது. முஸ்லிம்களின் தொழுகையில் நிற்பதும், குனிவதும், நெற்றி நிலத்திற் படப் பணிவதும் உண்டு. உள்ளங்கைகளை ஒன்றோடொன்று சேர்த்துக் கூப்பும் வழக்கம் இல்லை. அப்படியிருந்தும் அச்சொல் அங்கே பொருந்தி நின்றது. கூப்பிய கையை விட்டுவிட்டு, பணிவு என்னும் உட்பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு சொல் நடந்து போயிருக்கிறது!

இது நேற்று நடந்ததன்று. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்த உமறுப் புலவரின் சீறாப்புராணத்தில், தொழுகை வந்த வரலாற்றைக் கூறும் படலம் ஒன்றே இருக்கிறது. அரபியில் ஸலாத் என்பதும், பாரசீகத்திலும் உருதுவிலும் நமாஸ் என்பதும் இதே வழிபாட்டின் பெயர்கள். தமிழ் முஸ்லிம்கள் அவற்றை அறியாதவர்கள் அல்லர். அறிந்திருந்தும், தாய்மொழியிலிருந்த சொல்லையே அன்றாட வழக்கில் வைத்துக்கொண்டார்கள். நோன்பையும் பள்ளியையும் அவ்வாறே கொண்டார்கள். பள்ளி என்பது முன்பு சமண, பௌத்தத் துறவியர் உறையுளைக் குறித்த சொல் என்பதை நினைவிற் கொள்க. பினாங்கில் 1801இல் தொடங்கப்பெற்ற கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலுக்கும், சிங்கப்பூரில் 1826இல் சூலியா முஸ்லிம்கள் நிறுவிய ஜாமிஆ பள்ளிவாசலுக்கும் வந்த தமிழர் நாவில் இச்சொற்கள் இருந்தன.

அண்டை மொழியாகிய மலையாளத்தைப் பாருங்கள், வேடிக்கையாக இருக்கும். அங்கே அம்பலத்துக்குச் செல்லும் இந்துக்களே இன்றும் “தொழான் போயி” என்கிறார்கள். மலபார் முஸ்லிம்கள் தம் தொழுகையை நிஸ்காரம் என்கிறார்கள்; அது நமஸ்காரம் என்ற வடசொல்லின் திரிபு. தமிழில் நமஸ்காரம் இந்துக்களிடமும் தொழுகை முஸ்லிம்களிடமும் இருக்க, கேரளத்தில் அது மாறிக் கிடக்கிறது! நமாஸ் என்னும் பாரசீகச் சொல்லுக்கும் நமஸ் என்னும் வடசொல்லுக்கும் மூலம் ஒன்றே என்பதையும் சேர்த்து எண்ணினால், எந்தச் சொல் எந்தச் சமயத்தது என்று வேலி கட்டுவது எவ்வளவு கடினம் என்பது விளங்கும்.

நாம் வாழும் இம்மண்ணின் மொழியிலும் இதே கதைதான். மலாயில் செம்பாயாங் என்ற சொல், செம்பா, ஹியாங் என்னும் இரண்டின் சேர்க்கை. செம்பா என்பது கைகூப்பி வணங்குதல். அரசர் முன் செய்யும் வணக்கத்துக்கும் அதுவே பெயர். ஹியாங் என்பது இஸ்லாம் வருவதற்கு முன்பே இங்கு வழங்கிய தெய்வப்பெயர். அச்சொல்லைக் கொண்டே மலாய் முஸ்லிம்கள் தம் ஐவேளைத் தொழுகையைக் குறித்தார்கள். அண்மைப் பத்தாண்டுகளில் சோலாட் என்னும் அரபு வழிச் சொல் அங்கே மேலோங்கியுள்ளது. செம்பாயாங் மறையவில்லை என்றாலும், சீனர், இந்துக்கள் வழிபாட்டையும் குறிக்கும் பொதுச்சொல்லாகவே அது மிகுதியும் கேட்கிறது. தமிழில் அத்தகைய மாற்றம் நேரவில்லை.

கிறிஸ்தவர்களிடமும் இவ்வினை உண்டு. தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பில், யோவான் நற்செய்தி 4ஆம் அதிகாரத்தில், கிணற்றடியில் சமாரியப் பெண்ணோடு நடக்கும் உரையாடலின் ஒரு பகுதி ‘தொழுதுகொள்ளுதல்’ என்ற சொல்லைச் சுற்றியே செல்கிறது. எந்த இடத்தில் தொழவேண்டும், இந்த மலையிலா எருசலேமிலா என்பதே அங்கே எழும் கேள்வி.

இன்னும் ஒன்று. பழைய இலக்கியத்தில் தொழு என்னும் வினைக்குச் செயப்படுபொருள் உண்டு: இறைவனைத் தொழுதான், பிறையைத் தொழுதாள். முஸ்லிம்கள் பேச்சிலோ “தொழுதாயா?” என்று கேட்டாலே போதும், யாரை என்று எவரும் கேட்பதில்லை. செயப்படுபொருள் வந்தாலும், அது “லுஹர் தொழுதேன்”, “மஃரிப் தொழுதேன்” என்று வேளையின் பெயராகவே வரும். முன்னின்று நடத்துபவரைக் குறிக்கத் ‘தொழவைத்தல்’ என்ற பிறவினையும் வழக்கில் இருக்கிறது. ஏட்டில் இருந்தால் இலக்கணக்காரர் மட்டுமே பார்த்திருக்கக்கூடிய வினை, ஒரு சமூகத்தாரின் வாயில் நாள்தோறும் ஐந்து முறை புழங்கிப் புதிய வடிவங்களையும் ஈன்றிருக்கிறது.