லாஸ் வேகாஸின் புல்தரைகள்

லாஸ் வேகாஸ் என்றால் ஸ்பானிய மொழியில் புல்வெளிகள் என்று பொருள். ஆண்டுக்குச் சுமார் 10 சென்டிமீட்டர் மழை பெய்கிற ஊருக்கு இப்படி ஒரு பெயரா என்று தோணும். ஆனால் காரணப்பெயர்தான். மொஹாவி பாலைவனத்தின் நடுவே தானாகப் பொங்கி வந்த ஊற்றுகளும் அவற்றைச் சுற்றிப் பச்சைப் புல்லும் இருந்த இடம் அது. 1905-ல் ரயில்வே கம்பெனி அங்கே மனைகளை ஏலம் விட்டு ஊரை உண்டாக்கியதும் அந்த ஊற்றுகளை நம்பித்தான். நீராவி எஞ்சினுக்குத் தண்ணி வேணுமே!

இந்த ஊரின் தண்ணீர்க் கதை என்றாலே எல்லாரும் சூதாட்ட விடுதி வாசலில் ஆடும் செயற்கை நீரூற்றைத்தான் திட்டுவாங்க. நான் எடுத்து வைத்திருக்கும் குறிப்புகளில் அது ஒரு ஓரமாகத்தான் வருகிறது. பெரிய ஆள் வேறு. வீட்டு முன்னால் இருக்கிற புல்தரை.

ஏன் என்று சொல்கிறேன். கொலராடோ ஆற்றில் நெவாடா மாநிலத்தின் பங்கு ஆண்டுக்கு 3 லட்சம் ஏக்கர்-அடி. 1928-ம் ஆண்டுச் சட்டத்தில் வந்த அளவு இது. அப்போது அங்கே ஜனமே இல்லை. இன்று அந்தப் பள்ளத்தாக்கில் 20 லட்சம் பேருக்கு மேல். எப்படிச் சமாளிக்கிறார்கள் என்றால், குளியலறையிலும் சமையலறையிலும் செலவாகும் தண்ணீரைச் சுத்தம் செய்து மீட் ஏரிக்கே திருப்பி விடுகிறார்கள். திருப்பிய அளவுக்கு மறுபடி எடுத்துக்கொள்ளலாம். ஆக, வீட்டுக்குள் ஒருத்தர் அரை மணி நேரம் குளித்தாலும் பெரிய நஷ்டமில்லை. தோட்டத்தில் ஊற்றியதுதான் பெரும்பாலும் கணக்கில் திரும்பாது.

எவ்வளவு ஊற்றினார்கள்? வீடுகளில் தோட்டத்துக்கென்றே தனி மீட்டர் வைத்துப் பல வருஷம் அளந்த ஆய்வு ஒன்று 2005-ல் வந்தது. புல்தரைக்கு ஒரு சதுர அடிக்கு ஆண்டுக்கு 73 கேலன், அதாவது சுமார் 276 லிட்டர். பாலைவனச் செடிகள் வைத்த தோட்டத்துக்கு 17 கேலன் சொச்சம். நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அந்த 73 கேலனை அதே ஒரு சதுர அடி மேல் நிறுத்தி வைத்தால் கிட்டத்தட்ட 10 அடி உயரத்துக்கு நிற்கும்! அத்தனையும் புல்லா குடித்தது? காற்றில் போனது, தெருவில் ஓடியது, மண்ணுக்குள் இறங்கியது எல்லாம் சேர்த்திதான்.

மண்ணுக்குள் இறங்கியது என்ன ஆச்சு என்பதுதான் எனக்கு ரொம்ப விசித்திரமாகப் பட்டது. ஆழ்துளைக் கிணறு போட்டு இறைத்து இறைத்து, 1962-ல் அந்த ஆதி ஊற்றுகள் வற்றிவிட்டன. 1935-லிருந்து பார்த்தால் சில இடங்களில் தரையே கிட்டத்தட்ட 6 அடி தாழ்ந்துபோயிற்று. அதே ஊரில், மேலாக, புதுசாக ஒரு நிலத்தடி நீர் உருவானது. அங்கே மண்ணுக்கடியில் கெட்டியான சுண்ணாம்புப் படிவம் உண்டு, நாம் சுக்கான்பாறை என்போமே, அந்த ஜாதி. தோட்டத்துத் தண்ணி அதற்குக் கீழே சுலபமாக இறங்காது. மேலேயே தேங்கி, மண்ணிலுள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு, குடிக்கவும் லாயக்கில்லாமல் வீட்டு அஸ்திவாரத்தை ஈரமாக்கிக்கொண்டு கிடந்தது. கீழே வறட்சி, மேலே ஊறல்!

இதில் வீட்டுக்காரரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். வாளியில் ஊற்றுகிறவனுக்குக் கை வலிக்கும், நிறுத்திவிடுவான். டைமருக்கு வலிக்காது. ஜூலை வெயிலுக்கு வைத்த நேரத்தை அக்டோபரில் யாரும் மாற்றவில்லை என்றால் அது பாட்டுக்குத் தெளித்துக்கொண்டேதான் இருக்கும். 2002-ல் கொலராடோ ஆறு ரொம்ப மோசமாகக் காய்ந்த பிறகு, பருவத்துக்கு இத்தனை நாள்தான் தெளிக்கலாம் என்று விதி போட்டார்கள். குளிர்காலத்தில் வாரம் ஒரு நாள். 2003-லிருந்து புது வீடுகளுக்கு முன்பக்கம் புல்லே கூடாது. பழைய புல்லைப் பெயர்த்தால் சதுர அடிக்கு இவ்வளவு என்று காசும் கொடுத்தார்கள். இப்படி 20 கோடி சதுர அடிக்கு மேல் போயிற்று. ஜனத்தொகை 7 லட்சத்துக்கு மேல் கூடியும் ஆற்றிலிருந்து எடுப்பது கால் பங்குக்கு மேல் குறைந்தது. என்னைக் கேட்டால், புத்திமதியைவிட காசுதான் வேலை செய்தது.

2021-ல் இன்னொரு சட்டம். சாலையோரம், அலுவலக வாசல் போன்ற இடங்களில் யாரும் கால் வைக்காத அலங்காரப் புல்லுக்கு 2026 முடிந்தபின் ஆற்றுத்தண்ணீர் கிடையாது. தனி வீடுகளுக்கு இது பொருந்தாது. இங்கேதான் எனக்கு ஒரு உறுத்தல். புல்லுக்கு அளவுக்கு மீறி ஊற்றிய தண்ணியில்தான் நடுவே நின்ற மரங்களும் வளர்ந்தன. தினமும் மேலோட்டமாகக் கிடைத்ததால் வேரும் மேலோட்டமாகப் பரவியிருக்கும். புல்லைப் பெயர்த்துவிட்டு அடிமரத்தை ஒட்டி இரண்டு சொட்டுக்குழாயை வைத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். தண்ணி தேடுகிற வேர்களோ கிளை நுனிக்கு நேர் கீழேயும் அதைத் தாண்டியும் இருக்கின்றன. குழாயை அங்கே தள்ளி வைத்து, ஆழமாக, இடைவெளி விட்டு ஊற்றணும். அப்படிச் செய்யாத இடங்களில், 45 டிகிரி வெயிலில் நிழல் கொடுத்துக்கொண்டிருந்த மரங்கள் காய ஆரம்பித்திருக்கின்றன.