பற்றரியின் முதுமையும் பொறியின் மரணமும்

மூன்றாண்டுகளுக்கு முன்னர் தவணைமுறையில் வாங்கிய எனது மடிக்கணினி, பரீட்சை வினாத்தாள் ஒன்றைத் தயாரித்துக்கொண்டிருந்த ஓரிரவில், மின்சாரம் தடைப்பட்ட பத்தாவது நிமிடத்தில் அணைந்துபோயிற்று. புதிதாயிருந்த காலத்தில் ஐந்து மணிநேரம் தாக்குப்பிடித்த பற்றரி அது. வாங்கிய கடைக்கே கொண்டுசென்றேன். உத்தரவாதக் காலம் ஓராண்டு. அது முடிந்து ஈராண்டு கழிந்துவிட்டது. அங்கிருந்த இளைஞர் கணினியைப் புரட்டிப் பார்த்தார். "பற்றரி உள்ளுக்க ஒட்டிக் கிடக்கு, சேர். அதை மாத்திறதிலும் பார்க்கப் புதுசா ஒண்டு எடுக்கிறதுதான் லாபம்" என்றார்.

அவ்விளைஞர் மீது எனக்குக் கோபமில்லை. தமக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டதையே அவர் எனக்குச் சொன்னார். ஆயினும் வீடு திரும்பும் வழியெல்லாம் ஒரு வினா என்னை விட்டகலவில்லை. திரை தெளிவாயிருக்கிறது, விசைப்பலகை பழுதற்றிருக்கிறது, நினைவகத்திற்கு யாதொரு குறைவுமில்லை. உறுப்புகளுள் ஒன்று தளர்ந்ததற்காக முழுப் பொறியும் கழிவாக வேண்டும் என்னும் தீர்ப்பு எப்போது, எவரால் எழுதப்பட்டது? இதற்கான விடையை இரசாயன நூல்களில் மட்டும் தேடிப் பயனில்லை. வரலாற்றிலும் தேடியாக வேண்டும்.

முதற்கண் இயற்கையின் பங்கை ஒப்புக்கொள்வோம். இலிதியம் அயன் பற்றரி முதுமையடைவது தவிர்க்கவியலாதது. மின்னேற்றும்போது இலிதியம் அயன்கள் ஒரு மின்வாயினின்றும் மற்றையதற்குச் சென்று, பென்சிலில் நாம் காணும் அதே காரீயத்தின் படைகளுக்கிடையே தங்குகின்றன. கணினியை இயக்கும்போது மீள்கின்றன. இவ்வாறு போய்வரும் ஒவ்வொரு தடவையும் சிறிதளவு இலிதியம் காரீயத்தின் மேற்பரப்பில் வளரும் மென்படலத்திலே சிக்கி, மீளாதுபோகிறது. வெப்பமும், எந்நேரமும் நூறு வீதம் நிறைத்தே வைத்திருக்கும் வழக்கமும் இவ்விழப்பை விரைவுபடுத்துகின்றன. 300 முதல் 500 வரையான முழுச் சுற்றுகளின் பின் கொள்ளளவு ஏறத்தாழ 80 வீதமாகக் குறைதல் பொதுவான நிலை. சிறந்தவை 1000 சுற்றுகள் வரை தாங்கும். நாளொன்றுக்கு ஒரு சுற்றெனக் கணக்கிட்டால், பலரது பற்றரி தளரத் தொடங்கும் வேளையிலேதான் ஓராண்டு உத்தரவாதமும் முடிகிறது. இயல்பான தேய்வு உத்தரவாதத்துள் அடங்காது என்னும் வாசகமும் அப்பத்திரங்களிற் சிறிய எழுத்தில் இருப்பது வழக்கம். ஆகவே, உத்தரவாதம் பொறியின் ஆயுளை அளக்கும் கோல் என எண்ணுவது தவறு. விற்றவரது பொறுப்பு எவ்விடத்தில் முடிகிறது என்பதையே அது குறிக்கின்றது.

இனி, இப்பற்றரி யாருடைய உழைப்பின் விளைவு என்பதை நோக்குவோம். 1800ஆம் ஆண்டில் இத்தாலியரான வோல்ற்றா, நாகத்தகடுகளையும் வெள்ளித்தகடுகளையும் உப்புநீரில் தோய்த்த துண்டுகளோடு மாறிமாறி அடுக்கி மின்னோட்டத்தைப் பெற்றார். 1859இல் பிரான்சில் பிளாந்தே என்பவர் மீள மின்னேற்றத்தக்க ஈயப் பற்றரியை உருவாக்கினார். 1970களில் ஸ்ரான்லி விற்றிங்ஹாம் இலிதியத்தைக் கொண்டு ஆராய்ந்தார். 1980இல் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தில் ஜோன் குடினவ் கோபால்ட் ஒட்சைட்டைப் பயன்படுத்தும் வழியைக் கண்டார். 1985இல் யப்பானியரான அக்கிரா யோஷினோ, பாதுகாப்பாகப் பயன்படுத்தத்தக்க வடிவத்தை அமைத்தார். 1991இல் சோனி நிறுவனம் அதனைச் சந்தைக்குக் கொணர்ந்தது. 2019இல் இம்மூவருக்கும் இரசாயனத்துக்கான நோபெல் பரிசு கிடைத்தது. உலகின் கைப்பொறிகளையெல்லாம் இயக்கும் தமது கண்டுபிடிப்பிலிருந்து குடினவ் உரிமப்பணம் எதனையும் பெற்றாரல்லர் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. பெயர் அறியப்படாதோரும் உளர். கோபால்ட்டின் பெரும்பங்கு கொங்கோ சனநாயகக் குடியரசின் மண்ணிலிருந்து வருகிறது. அங்குள்ள கொல்வேசி நகரைச் சூழ்ந்த பிரதேசத்திற் சிறுவர்களும் கையாற் கனியம் அகழ்ந்தமையை மனித உரிமை நிறுவனங்களின் அறிக்கைகள் எடுத்துக்காட்டியுள்ளன. இத்தனை பேரின் அறிவும் வியர்வையும் கலந்த பொருளையே, 'பழசு' என்ற ஒரு சொல்லால் நாம் குப்பைக்கு அனுப்புகிறோம்.

1990களின் மடிக்கணினியை நினைவில் வைத்திருப்போர், அதன் அடிப்புறத்திலிருந்த சிறிய தாழ்ப்பாளையும் அறிவர். விரலால் அதைத் தள்ளினால் பற்றரி கழன்று கையில் வந்துவிடும். பிறிதொன்றைச் செருகினால் வேலை தொடரும். அத்தாழ்ப்பாள் மறைந்தமைக்கு ஆண்டுகளைக் குறிப்பிடலாம். 2008இல் அப்பிள் நிறுவனம் வெளியிட்ட மெல்லிய மக்புக் எயார் கணினியில், பயன்படுத்துவோர் தாமே பற்றரியை மாற்றும் வசதி இருக்கவில்லை. 2009இல் அந்நிறுவனத்தின் 17 அங்குலக் கணினியிலும் பற்றரி உள்ளடக்கப்பட்டது. 1000 சுற்றுகள் தாங்கும் என்பது அப்போது கூறப்பட்ட நியாயம். 2012இல் வந்த புதிய மக்புக் புறோவில் பற்றரி பசையால் ஒட்டப்பட்டது. ஏனைய நிறுவனங்கள் பலவும் பற்றரியை உள்ளடக்கும் வழியையே பின்பற்றின. மெல்லிய உடலையும் கூடிய நேரத்தையும் பயனாளர் விரும்பினர் என்பதும், தாழ்ப்பாளும் உறையும் இடம்பிடிப்பன என்பதும் உண்மையே. எல்லாவற்றையும் சதியென்று கூறி அமைவது வரலாற்று நோக்காகாது. ஆனால் மெல்லிய கணினியைத் திருகாணிகளைக் கொண்டும் ஆக்கலாம். எளிதாகத் திறக்கக்கூடிய வடிவம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, திறக்கவியலாத வடிவமே வழக்காயிற்று. தயாரிப்பாளரின் நலன் எப்பக்கம் நின்றது என்பதை உணர்வது கடினமன்று.

இதற்கொரு முன்வரலாறும் உண்டு. 1924இல் ஒஸ்ராம், பிலிப்ஸ் முதலிய பெரும் மின்குமிழ் நிறுவனங்கள் ஜெனிவாவிலே கூடி பீபஸ் என்ற கூட்டமைப்பை நிறுவின. மின்குமிழ் 1000 மணிநேரத்துக்கு மேல் எரியலாகாது என்பது அவற்றின் உடன்பாடுகளுள் ஒன்று. அதுவரை 1500 மணிநேரத்துக்கும் மேலாக எரிந்த குமிழ்கள் இருந்தன. வரம்பை மீறி நீண்டகாலம் எரியும் குமிழைச் செய்த உறுப்பு நிறுவனம் தண்டம் கட்டவேண்டியிருந்தது. 1932இல், பெருமந்தம் அமெரிக்காவை வாட்டிய வேளையில், பேர்னாட் லண்டன் என்பவர் ஒரு சிறுநூல் வெளியிட்டார். ஒவ்வொரு பண்டத்துக்கும் அரசு ஓர் ஆயுளை விதித்து, அது முடிந்ததும் பண்டத்தைச் சட்டப்படி இறந்ததாக அறிவிக்கவேண்டும் என்பது அவரது யோசனை. அரசு எதுவும் அவ்வாறு சட்டமியற்றவில்லை. ஆயினும் 1960இல் வான்ஸ் பக்கார்ட் அமெரிக்க விரயத்தைப்பற்றி நூலெழுதியபோது, லண்டன் சட்டத்திடம் வேண்டியதைச் சந்தை தானாகவே செய்துகொண்டிருந்தது.

மக்கள் வாளாவிருந்தனர் என்று எண்ணவேண்டாம். 2003இல் நைஸ்ராற் சகோதரர் இருவர், ஐபொட் என்னும் இசைக்கருவியின் விளம்பரச் சுவரொட்டிகள் மீது, அதன் மாற்றவியலாத பற்றரி 18 மாதங்களே உழைக்கும் என்று எழுதி, அதனைப் படமாக்கிப் பரப்பினர். 2017 டிசம்பரில், முதுமையடைந்த பற்றரியுள்ள ஐபோன்களின் வேகத்தைத் தனது மென்பொருள் குறைத்ததை அப்பிள் ஒப்புக்கொண்டது. திடீரென அணைவதைத் தடுக்கவே அவ்வாறு செய்ததாக அது விளக்கிற்று. ஆனால் பற்றரியை மாற்றினால் வேகம் மீளும் என்பது தெரியாத நிலையில், புதிய போன் வாங்கியோர் எத்தனை பேர்! எதிர்ப்பின் விளைவாக 79 டொலராயிருந்த மாற்றுக் கட்டணம் 29 டொலராகக் குறைக்கப்பட்டது. 2020இல் பிரான்ஸ் 25 மில்லியன் யூரோ தண்டம் விதித்தது. 2023இல் ஐரோப்பிய ஒன்றியம் பற்றரிகள் தொடர்பான புதிய ஒழுங்குவிதியை இயற்றியது. பயன்படுத்துவோர் தாமே கழற்றி மாற்றத்தக்கதாகக் கையடக்கப் பொறிகளின் பற்றரி அமையவேண்டும் என்றும், அம்மாதிரியின் இறுதிப் பொறி சந்தைக்கு வந்தபின் ஐந்தாண்டுகளுக்கேனும் மாற்றுப் பற்றரி நியாயமான விலையிற் கிடைக்கவேண்டும் என்றும் அது விதிக்கிறது. மாற்றக்கூடிய அமைப்புப் பற்றிய விதிக்கு 2027 பெப்ரவரி 18ஆம் திகதி நாள் குறிக்கப்பட்டது. மறைந்த தாழ்ப்பாளைச் சட்டத்தின் வழியாக மீளக் கேட்கும் முயற்சி இது.

இவ்வரலாற்றில் எமது இடம் யாது? 1990இல் போர் மீண்டும் மூண்டபின் வடபகுதிக்குக் கொண்டுசெல்லத் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் பற்றரியும் ஒன்று. எமது பெற்றோர் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டனர். ஜாம் போத்தலில் சிறிது மண்ணெண்ணெய் வார்த்துத் திரியிட்ட விளக்கில் எமக்கு எழுத்தறிவித்தனர். துன்பத்தின் நிர்ப்பந்தத்தாற் பிறந்த அத்திறமையைப் புகழ்ந்து, அத்துன்பத்தை மறந்துவிடலாகாது. எனினும் ஒரு பொருளைத் திறந்து பார்க்கும் துணிவு அன்று எம்மிடம் இருந்தது. 2022இல் அந்நியச்செலாவணி வற்றி, நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு நீடித்து, டொலரின் விலை 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியபோது, பழுதுபார்ப்போரின் சிறு கடைகளே பலரது கணினிகளை உயிரோடு வைத்திருந்தன. இறக்குமதியை நம்பி வாழும் நாட்டுக்குப் பழுதுபார்த்தல் ஒரு பொருளாதாரத் தேவை. 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தை அறிந்த நாம், பழுதுபார்க்கும் உரிமையையும் உதிரிப்பாகம் பெறும் உரிமையையும் வெளிப்படையாகக் கோரவேண்டிய காலம் இது. ஆசிரியர் சங்கங்களும் மாணவர் மன்றங்களும் இதனைத் தம் கோரிக்கைகளுட் சேர்த்தல் தகும்.

எனது கணினியின் கதையையும் முடித்துவிடுகிறேன். பஸ் நிலையத்தருகே சிறு கடை வைத்திருக்கும் தொழிலாளி ஒருவர், பசையை இளஞ்சூட்டில் இளக்கி, முக்கால் மணிநேரத்திற் பழைய பற்றரியைப் பெயர்த்தெடுத்தார். அது சற்றே வீங்கியிருந்தது. வீங்கிய பற்றரியை மேலும் பயன்படுத்துவதோ, குத்துவதோ, குப்பையோடு எரிப்பதோ தீவிபத்துக்கு வழி என்று எச்சரித்து, அதனை மணல் நிரம்பிய தகரத்துள் வைத்தார். புதிய பற்றரியை 80 வீதத்தோடு மின்னேற்றத்தை நிறுத்தும்படி அமைத்துத் தந்தார். மெத்தைமேல் வைத்துச் சூடேற்றவேண்டாம் என்றார். புதிய கணினியின் விலையிற் பத்திலொரு பங்குகூட ஆகவில்லை.

மறுநாள் வகுப்பில் மாணவர்களுக்கு இக்கதையைச் சொன்னேன். பின்வரிசையிலிருந்த ஒருவன், "அப்ப வாங்கேக்கயே, இதைக் கழட்டலாமோ எண்டு கேக்க வேணும், என்ன சேர்?" என்றான். கேட்கத்தான் வேண்டும். ஒருவர் கேட்டால் கடைக்காரர் சிரிக்கக்கூடும். ஒரு பாடசாலையே கேட்டால் அவர் இறக்குமதியாளரிடம் கேட்பார்.